பால்மா டின்னுக்குள் கலந்த குளிசைகள்

அத்தியாயம் 14

போன வாரம் தனுசியாவை எங்கே விட்டோம்? மன்னார் பட்டினத்து வாடகை அறையில், கையில் ஒரு கடிதத்தோடு. ஆய்வு ஒழுங்காக நடந்து முடிந்தால் அவளுடைய வேலையை இன்னும் இரண்டு வருடத்துக்கு நீடிப்பதாகக் கொழும்பிலிருந்து வந்த கடிதம். அதை நாலு தரம் வாசித்தாள். சந்தோசப்பட வேண்டும் என்று அவளுக்கும் தெரிந்தது. ஆனால் சந்தோசப்படுவதற்கும் உடம்பில் கொஞ்சம் தெம்பு வேண்டுமே! விளக்கைக்கூட அணைக்காமல் தூங்கிப்போனாள்.

விடிந்தது செவ்வாய்க்கிழமை. கிளினிக் நாள்.

பல்லுத் தூரிகை வாயில் இருக்கும்போதே தொலைபேசி அடித்தது. அடம்பனிலிருந்து அம்மா வசந்தமலர். அப்பாவைப் பற்றித்தான் பேச்சு.

"பிள்ளை, கொப்பர் ஆறேகால் பஸ்ஸுக்கு வெளிக்கிட்டிட்டார். வெறும் வயித்தோட போறார். ஏதும் வாங்கிக் குடு."

"ம்."

"எனக்கு ஒரு கண் நித்திரையில்லை. இரவு முழுக்க நானும் ரோச் லைட்டும்தான்."

"ஏன், மாடு அவிட்டிட்டுதோ?"

"மாடோ? மாடு நல்லாத்தான் படுத்துக் கிடந்தது," என்று வசந்தமலர் ஒரு மாதிரியாகச் சொன்னாள். அதற்குள் இணைப்பு அறுந்தது. அடம்பனில் அலை கிடைப்பது அப்படித்தான்.

தனுசியா திருப்பி எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை. வாயைக் கொப்பளித்துவிட்டுச் சேலையைத் தேடினாள். ஒரு நிமிசம் பொறுத்து அம்மாவிடம் இன்னொரு கேள்வி கேட்டிருந்தால் இந்த அத்தியாயத்தில் பாதிக்கு வேலையே இருந்திருக்காது.

ஆஸ்பத்திரி வளவின் மூலையில், தகரக் கூரை போட்ட இரண்டு அறைகள்தான் அவள் வேலை செய்கிற ஆய்வுக் கந்தோர். கச்சான் காற்று மண்ணை வாரி வாரிக் கதவில் எறிந்துகொண்டிருந்தது. வெளியில் போட்டிருந்த நீள வாங்கில் வயதான ஆண்கள் வரிசையாக இருந்தார்கள். எல்லோருக்கும் ஒரே வருத்தம்தான். வயது போகப் போக, சிறுநீர் தங்குகிற சலப்பையின் கழுத்தடியில் ஒரு சுரப்பி வீங்கி வழியை அடைக்கும். இரவில் நாலு தரம், ஐந்து தரம் எழும்ப வேண்டும். போனாலும் சொட்டுச் சொட்டாகத்தான் போகும்.

அவர்களுடைய பெரிய கஷ்டம் என்னவென்றால், இதையெல்லாம் ஒரு பொம்பிளையிடம் சொல்ல வேண்டியிருந்தது. தாழ்வுபாட்டுக் கடற்கரையில் வளர்ந்த டொக்டர் பெற்றிசியாவுக்கு முப்பத்தைந்து வயதுதான். "ஐயா, சலம் எப்பிடிப் போகுது?" என்று அவர் குரலெடுத்துக் கேட்டால் முற்றத்தில் மேய்கிற கழுதைகள்கூடத் திரும்பிப் பார்க்கும்.

"ஆண்டவர் கிருபையில போகுது டொக்டர்," என்பார்கள். அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது.

ஆய்வு இதுதான். நாற்பத்துநாலு பேர். பாதிப் பேருக்கு மருந்துக் குளிசை. மற்றப் பாதிக்கு அதே நிறத்தில், அதே அளவில், மருந்தே இல்லாத வெறும் குளிசை. யாருக்கு எது என்று டொக்டருக்கும் தெரியாது, தனுசியாவுக்கும் தெரியாது. போத்தலில் இலக்கம் மட்டும் இருக்கும். ஒவ்வோர் இலக்கத்துக்கும் ஒட்டிய கடிதவுறை ஒன்று இரும்பு அலுமாரிக்குள் பூட்டிக் கிடக்கும். ஆபத்து வந்தால் மட்டும் கொழும்பிடம் கேட்டுவிட்டுத் திறக்கலாம். இரவில் ஒரு குளிசை, சலத்துக்கு எழும்புகிற ஒவ்வொரு தரத்துக்கும் அட்டையில் ஒரு கோடு. மூன்று மாதம் முடிந்திருந்தது.

சேருகிற அன்று நாலு பக்கப் படிவத்தைத் தனுசியா ஒரு சொல் விடாமல் வாசித்துக் காட்டினாள். ஆனால் இவர்கள் யார்? யுத்தத்தில் இடம்பெயர்ந்து முகாமில் அரிசிக்குக் கையெழுத்து வைத்தவர்கள், கூடாரத்துக்கு வைத்தவர்கள், திரும்பி ஊருக்கு வந்து தகரத்துக்கும் கக்கூசுக் குழிக்கும் வைத்தவர்கள். நாலாம் பக்கம் முடியுமுன்னே, "எங்கை பிள்ளை போடுறது?" என்று பேனையைப் பிடித்துவிட்டார்கள்.

அப்படிப் பேனையைப் பிடித்தவர்களில் ஒருவர் அவளுடைய அப்பா சரவணமுத்து. ஏழாம் இலக்கம்.

இன்னொருவர் சரிபுதீன். இருபத்தாறாம் இலக்கம். முசலிக் கரையைச் சேர்ந்தவர். அந்தக் காலத்தில் அடம்பனுக்கு லொறி கொண்டுவந்து நெல் வாங்கிய வியாபாரி. தொண்ணூறாம் ஆண்டு ஆயுதம் தூக்கிய இயக்கம் முஸ்லிம்களையெல்லாம் வடக்கை விட்டுப் போகச் சொன்னபோது போனவர், இருபது வருடம் புத்தளத்தில் இருந்துவிட்டு இப்போதுதான் திரும்பி வந்திருந்தார். வந்து வீடுகூட முழுதாகக் கட்டவில்லை. சிநேகிதர்கள் இருவரும் இத்தனை வருடம் கழித்து ஒருவரையொருவர் பார்த்தது எங்கே என்று நினைக்கிறீர்கள்? இந்த வாங்கில்தான்! சலக் கிளினிக்கில்!

எட்டரைக்கு அப்பா வந்தார். வாங்கின் தொங்கலில் இருந்து, பக்கத்தில் துவாயை விரித்து வைத்தார்.

"ஆருக்கப்பா இடம்?"

"சரிபுதீன் நானாவுக்கு. முசலி பஸ் பிந்துதுபோல."

தனுசியா அப்பாவின் போத்தலை வாங்கி எண்ணினாள். முப்பது கொடுத்தது, இருபத்தெட்டு நாள், மிச்சம் இரண்டு. சரி. அப்பாவின் போத்தலை மகள் எண்ணக்கூடாது என்று ஆரம்பத்தில் பேச்சு இருந்தது. எண்ணுவதற்கு இருந்த துசாந்தினி கல்யாணம் முடித்து வவுனியாவுக்குப் போன பிறகு, "நீரே எண்ணும், நான் பாத்துக் கையெழுத்து வைக்கிறன்," என்று டொக்டர் சொல்லிவிட்டார்.

அட்டையையும் பார்த்தாள். முதல் மாதம் ஒவ்வொரு இரவும் ஐந்து, ஆறு கோடு. இரண்டாம் மாதத்திலிருந்து இரண்டு கோடு. சில நாள் ஒன்று.

"நல்லாக் குறைஞ்சிருக்கே அப்பா."

"ஓம் பிள்ளை. அருமையான குளிசை," என்றார் சரவணமுத்து, வாசலைப் பார்த்துக்கொண்டே.

ஒன்பதரைக்கு வளவுக்குள் ஒரு வான் வந்து நின்றது. அதிலிருந்து சரிபுதீனைத் தூக்கித்தான் இறக்கினார்கள்.

"விடிய சுபஹுத் தொழுகைக்கு ஒளு எடுக்கப் போன மனுசன் மகள்," என்று அவருடைய மனைவி கைருன்னிசா ஓடி வந்து தனுசியாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "வாளியடியில அப்படியே சரிஞ்சிட்டார். கூப்பிட்டன், கண்ணத் தொறக்கல்ல. யா அல்லா, நான் என்ன செய்வன்!"

"பயப்படாதேங்கோ மாமி. வாங்கோ."

வார்ட்டில் கட்டிலில் போட்டுச் சேலைன் ஏற்றினார்கள். பிறஷர் அடியோடு இறங்கியிருந்தது. கொஞ்ச நேரத்தில் கண் திறந்தார். முகம் சாம்பல் பூத்துக் கிடந்தது. கட்டிலின் கால்மாட்டில் சரவணமுத்து கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

டொக்டர் பெற்றிசியா குனிந்து கேட்டார். "ஐயா, சலம் போகுதோ?"

சரிபுதீன் சிநேகிதனை ஒரு பார்வை பார்த்தார். "நல்லாப் போகுது டொக்டர்."

அட்டையும் அதைத்தான் சொன்னது. இரண்டு மாதமாக இரவுக்கு ஒரே ஒரு கோடு. டொக்டர் தனுசியாவைத் தாழ்வாரத்துக்குக் கூட்டிவந்தார்.

"எங்கட குளிசை பிறஷரை இறக்கக்கூடியது. அவருக்குப் போனது மருந்துக் குளிசையெண்டா விழுந்ததுக்கு அது காரணமாயிருக்கலாம், நிப்பாட்டிப்போட்டு அதுக்குத் தக்கமாதிரிப் பாக்கலாம். வெறும் குளிசையெண்டா நான் வேற இடத்தில தேடவேணும். கொழும்புக்கு எடுத்துக் கேட்டிட்டு இருபத்தாறைத் திறப்பம். அவற்ற போத்தலை வாங்கி வாரும்."

கைருன்னிசா பையைக் கவிழ்த்தாள். உடுக்கிற சாரம் ஒன்று, ஒரு பாண் துண்டு, போத்தல், கூடவே மூடி போட்ட ஒரு பால்மா டின்.

"இதென்ன மாமி, டின்?"

"கிளினிக் நாளெண்டு ராவே எடுத்து வச்ச மகள். கலக்கிறதுக்கு."

"என்னத்தைக் கலக்கிறது?"

"குளிசயத்தான்." கைருன்னிசா அவளை அதிசயமாகப் பார்த்தாள். "ஒங்களுக்குத் தெரியாதா? ஒங்கட அப்பாவும் இவரும் பஸ் ஸ்ராண்டடி பவ்ஸான்ட தேத்தண்ணிக் கடையில இருந்து ரெண்டு போத்தலயும் இதுக்குள்ள கொட்டி, நல்லாக் குலுக்கி, ஆளுக்கு முப்பதா எண்ணி எடுப்பாங்களே. மொத மாசத்தில இருந்து அப்படித்தான்."

தனுசியா டின்னைத் திறந்து பார்த்தாள். உள்ளே வெள்ளைத் தூள் கொஞ்சம் ஒட்டியிருந்தது. பால்மாவா குளிசைத் தூளா என்று சொல்ல முடியவில்லை.

மூன்று மாதமாக அவள் எண்ணினாளே! ஒவ்வொரு மாதமும் முப்பது, இருபத்தெட்டு, மிச்சம் இரண்டு. கணக்கு ஒரு குளிசை பிசகவில்லை. எப்படிப் பிசகும்? சரிபாதியாகப் பங்கு போட்டிருந்தார்களே!

அப்பா வெளியில் தண்ணீர்க் குழாயடிக்கு வந்திருந்தார். முகம் கழுவுகிற சாட்டில் நின்றார்.

"அப்பா, இதென்ன வேலை?"

டின்னைக் கண்டதும் அவர் குழாயைப் பூட்டினார். மறைக்க முயலவில்லை.

"நீதானே பிள்ளை வாசிச்சுச் சொன்னனி, பாதிப் பேருக்கு மருந்து இல்லையெண்டு. எங்கள் ரெண்டு பேரில ஒராளுக்கு இல்லாமப் போனா? கலந்து எடுத்தா ஆருக்கும் இல்லையெண்டு வராது. முகாமில பக்கத்துக் கூடாரத்துக்குப் பருப்பு வராட்டி நாங்கள் பாதி குடுக்கேல்லையோ?"

"இது பருப்போ அப்பா? இது மருந்து! ஆய்வு! எனக்கு இப்ப என்ன சொல்லுறதெண்டே தெரியேல்லை. உங்களை நம்பித்தானே நான் எண்ணினனான்!"

அவள் குரல் உடைந்தது. கோபம் பாதி, களைப்புப் பாதி. சரவணமுத்து வேப்பமரத்தடிக் கல்லில் மெதுவாக இருந்தார். இருந்தவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டார்.

"தொண்ணூறில, போகச் சொன்ன அண்டைக்கு, நானா சைக்கிளில எங்கட வீட்டடிக்கு வந்தவர். வாசல் படலையடியில நிண்டு, 'முத்து, முத்து' எண்டு ரெண்டு தரம் கூப்பிட்டவர். நான் உள்ளுக்கு நிண்டனான் பிள்ளை. கொம்மா என்ர முகத்தைப் பாக்கிறா. நான் வெளியில வரேல்லை. ஆர் பாப்பாங்களோ, என்ன சொல்லுவாங்களோ எண்டு பயம். அவர் திரும்பிப் போயிட்டார். இருபது வருசம். திரும்பி வந்து என்னைக் கண்டு கட்டிப் பிடிச்சார், அதைப் பற்றி ஒரு சொல் கேக்கேல்லை."

தனுசியா டின்னின் மூடியை அழுத்திப் போட்டாள்.

"அந்த மனுசனுக்கு வெறும் குளிசை விழுந்து, எனக்கு நல்லது விழுந்தா நான் எப்பிடிப் பிள்ளை அதை விழுங்குறது?"

காற்று மண்ணை அள்ளிக்கொண்டு போயிற்று. அவர் தலையை நிமிர்த்தினார்.

"டொக்டருக்குச் சொல்லாதை. உன்ர வேலை போயிடும்."

போகும்தான். அவளுக்கும் அது தெரியும். அடம்பன் வீட்டுக்கு இன்னும் கதவு நிலை வைக்கவில்லை. மூத்தவன் பிரசாந்தன் கட்டாருக்குப் போய் எட்டு மாதமாக ஒழுங்கான வேலையில்லை. இந்த ஒரு வேலைதான் வீட்டைத் தாங்கிக்கொண்டிருந்தது. வாயை மூடிக்கொண்டு டின்னைக் கழுவிக் கைருன்னிசாவிடம் கொடுத்துவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது?

ஆனால் டொக்டர் இருபத்தாறாம் உறையை மட்டும்தான் திறப்பார். அதில் வெறும் குளிசை என்று இருந்தால் சரிபுதீன் மருந்தே எடுக்கவில்லை என்று நம்புவார். அப்பாவின் போத்தலில் இருந்த மருந்து பாதி அவருடைய உடம்புக்குள் ஓடிக்கொண்டிருக்கும். தெரியாமல் வைத்தியம் செய்தால் அந்த மனுசனின் உயிர் என்ன ஆவது?

இந்த இடத்தில் தனுசியா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தாள் என்று எழுத எனக்கும் ஆசைதான். அவள் செருப்பை இழுத்து இழுத்துத்தான் போனாள். இடம்பெயர்ந்த காலத்திலிருந்து எத்தனையோ சுமந்தாயிற்று, இனி ஒரு பொய்யையும் சுமந்துகொண்டு திரிய அவளால் ஏலாது.

டொக்டர் அலுமாரியைத் திறந்து, உறையைக் கையில் எடுத்து வைத்திருந்தார்.

"டொக்டர், ஒண்டு போதாது. ஏழையும் திறக்கவேணும்."

"ஏழு உம்முடைய அப்பா எல்லோ?"

தனுசியா டின்னை மேசையில் வைத்தாள். நடந்ததைச் சொன்னாள். சொல்லி முடிக்க இரண்டு நிமிசம்தான் ஆனது.

பெற்றிசியா கதிரையில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். இந்த ஆய்வுக்காக இரண்டு வருடம் கொழும்புக்கும் மன்னாருக்கும் அலைந்தவர் அவர். தலைமன்னார்வரை போய் ஆட்களைத் தேடிச் சேர்த்தவர்.

"எத்தினை மாசமா?"

"மூண்டும்."

"நீர் எண்ணினீர். நான் கையெழுத்து வைச்சனான்." அவர் கண்ணைத் திறந்தார். "பேசுறதெல்லாம் பிறகு பேசுவம். இப்ப நேரமில்லை."

இரண்டாம் தரமும் கொழும்புக்கு எடுத்தார். அங்கே யாரோ உரத்துப் பேசுவது தனுசியாவுக்குக் கேட்டது. டொக்டர் "ஓம் சேர், ஓம் சேர்" என்று மட்டும் சொன்னார். பிறகு இருபத்தாறைக் கிழித்தார். வாசித்தார். ஏழைக் கிழித்தார். அதையும் வாசித்தார். முதலாவதைத் திரும்ப எடுத்துப் பார்த்தார்.

"என்ன டொக்டர்?"

"வெறும் குளிசை."

"ஆருக்கு?"

"ரெண்டு பேருக்கும்தான்."

தனுசியாவுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. மருந்தே இல்லாத குளிசையை எடுத்து, மருந்தே இல்லாத குளிசையோடு கலந்து, ஒன்று கூடிக் குறையாமல் எண்ணிப் பங்கு போட்டிருக்கிறார்கள் இந்தக் கிழவர்கள்!

டொக்டர் சிரிக்கவில்லை. எழும்பிவிட்டார். "அப்ப குளிசையால விழேல்லை. உள்ளுக்கு வேற ஏதோ கிடக்கு. வாரும்."

வார்ட்டுக்கு வந்ததும் அவர் சரிபுதீனிடம் கேட்கவில்லை. கைருன்னிசாவைப் பிடித்தார்.

"அம்மா, ராவில இவர் ஒருக்காத்தான் எழும்பிறவரோ?"

"ஒருக்காவா? ஆரு சொன்ன? ராவெல்லாம் போறதும் வாறதும்தான். போய் நிண்டு நிண்டு பாத்திட்டு வாறார், ஒண்டும் வருதில்லயாம். ஆனா சாரம் மட்டும் நனைஞ்சு கிடக்கு. நாந்தானே கழுவுறன்."

"கைருன்!" என்றார் சரிபுதீன். அதட்ட நினைத்த குரல், பாதியில் நின்றுவிட்டது.

டொக்டர் போர்வையை விலக்கி அடிவயிற்றில் கையை வைத்தார். தொப்புள்வரை கல்லாக இருந்தது.

"ரியூப் கொண்டு வாங்கோ. கெதியா!"

திரைச்சீலையை இழுத்தார்கள். பத்து நிமிசத்தில் பை நிறைந்தது. மாற்றி இன்னொரு பை போட்டார்கள். ஒன்றரை லீற்றருக்கு மேல் வந்தது. அவ்வளவையும் வயிற்றுக்குள் வைத்துக்கொண்டுதான் மனுசன் "நல்லாப் போகுது" என்று சொல்லிக்கொண்டிருந்தார். பன்னிரண்டு மணிக்கு இரத்தப் பரிசோதனைத் தாள் வந்தது. டொக்டர் அதை இரண்டு தரம் பார்த்துவிட்டுக் கைருன்னிசாவைப் பக்கத்தில் இருத்திச் சொன்னார்.

"சலம் தேங்கித் தேங்கிப் பின்னுக்குப் போய் ரெண்டு கிட்னியையும் அமத்தியிருக்கு. எவ்வளவு மிச்சமெண்டு இங்கை பாக்கேலாது. அனுராதபுரத்துக்கு அனுப்பிறம். இண்டைக்கே."

கைருன்னிசா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

ரியூப் போட்டதில் சரிபுதீனின் முகத்துக்குக் கொஞ்சம் இரத்தம் திரும்பியிருந்தது. தனுசியாவைக் கைகாட்டிக் கூப்பிட்டார்.

"மகள், கடிதத்தத் தொறந்தீங்களாமே. எந்தப் போத்தல் நல்ல போத்தல்? முத்துடதா, எனக்குள்ளதா?"

அவள் டொக்டரைப் பார்த்தாள். டொக்டர் தலையசைத்தார்.

"ரெண்டும் வெறும் குளிசை, மாமா."

சரிபுதீனுக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. சிரித்ததும் ரியூப் இழுத்தது. "ஆ" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"கேட்டியா முத்து? மூணு மாசமா மாவயா பங்கு போட்டோம்?"

சரவணமுத்து சிரிக்கவில்லை. கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"நானா, அப்ப உங்களுக்குக் குறையவே இல்லையோ? அட்டையில ஒரு கோடுதானே போட்டனீங்கள்? தேத்தண்ணிக் கடையில வைச்சு எனக்குக் காட்டினீங்களே!"

"வேற என்ன செய்யிற? நீ ஒண்ட அட்டயக் காட்டின. ரெண்டு கோடு. எனக்குக் குறைஞ்சிட்டு நானா, நல்ல குளிசை எண்டு சொன்ன. எனக்கு மருந்து கேக்கல்ல எண்டு நான் சொன்னா நீ என்ன செய்வ? ஒண்ட பங்கயும் எண்ட டின்னுக்க போட்டிருப்ப. ஒண்ட நித்திரய நான் ஏன் கெடுக்க?"

"அதுக்காக இப்பிடியோ?" என்றார் டொக்டர். "நீங்கள் அட்டையில உண்மையைப் போட்டிருந்தா போன மாசமே நான் வயித்தில கை வைச்சிருப்பனே ஐயா! இப்ப கிட்னி போற அளவுக்கு வந்திருக்கு!"

சரிபுதீன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பினார். கண்ணின் ஓரத்தில் நீர் இறங்கியது.

தனுசியா அப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காலையில் அம்மா சொன்னது இப்போதுதான் அவளுக்கு விளங்கியது. இரவு முழுக்க ரோச் லைட். மாடு நல்லாத்தான் படுத்துக் கிடந்தது. அப்படியென்றால் அம்மா யாருக்கு ரோச் பிடித்தாள்?

அவள் தாழ்வாரத்துக்கு வந்து அடம்பனுக்கு எடுத்தாள். நாலாம் தரம்தான் கிடைத்தது.

"அம்மா, இரவு ஆருக்கு ரோச் பிடிச்சனீங்கள்?"

"ஆருக்குப் பிடிக்கிறது? கொப்பருக்குத்தான். பின்வளவுக்கும் வீட்டுக்குமா நடைதான். உனக்குச் சொல்லவேண்டாமெண்டு தலையிலடிச்சுச் சத்தியம் வாங்கி வைச்சிருக்கிறார். நான் உனக்குச் சொல்லேல்லை, பிள்ளை. ரோச் லைட் எண்டு மட்டும்தான் சொன்னனான்."

தனுசியா தொலைபேசியை வைத்தாள். நேரம் இரண்டரை. அம்புலன்ஸ் வாசலுக்கு வந்துவிட்டது. கூட ஒரே ஒருவர்தான் போகலாம் என்றார்கள். கைருன்னிசா பையோடு ஏறிவிட்டாள். சரிபுதீனைத் தள்ளுகட்டிலில் மாற்றிக் கொண்டுவந்தார்கள். சரவணமுத்து பக்கத்தில் வேகமாக நடந்தார். வாசல் படியில் கட்டில் நின்ற ஒரு நொடியில் அவர் குனிந்தார்.

"நானா, அண்டைக்குப் படலையடியில..."

"வந்து கதைப்பம் முத்து. டின்ன எறிஞ்சிடாத, வச்சிரு."

கதவை அடித்து மூடினார்கள். வண்டி பாலத்துப் பக்கம் திரும்பியது. சரவணமுத்து சொல்ல வந்த சொல்லோடு அப்படியே நின்றார். பிறகு ஒரு கையால் சுவரைப் பிடித்தார், மறுகை அடிவயிற்றுக்குப் போனது.

டொக்டர் பெற்றிசியா அதைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"ஐயா, உள்ளுக்கு வாங்கோ. கட்டில்ல ஏறுங்கோ."

"எனக்கொண்டும் இல்லை டொக்டர்."

"அதைத்தான் அவரும் சொன்னவர்."

சரவணமுத்து ஏறிப் படுத்தார். டொக்டரின் கை அடிவயிற்றில் இறங்கியது. அழுத்தியது. ஓரிடத்தில் நின்றது. டொக்டர் தாதியைப் பார்த்து, இரத்தம் எடுக்கச் சைகை காட்டினார்.

தனுசியாவின் கையில் ஏழாம் இலக்கத்து அட்டை இருந்தது. மேசையில் கொழும்புக்கு அனுப்ப வேண்டிய அறிக்கைத் தாள் விரித்துக் கிடந்தது. தவறு செய்தவர் பெயர், கண்டுபிடித்தவர் பெயர், இருவருக்கும் உறவு என்ன. வெள்ளிக்கிழமைக்குள் பதில் வருமாம். வேலை இருக்குமா போகுமா என்று அதோடு தெரிந்துவிடும். அவள் அந்தத் தாளைத் தள்ளி வைத்துவிட்டுக் கட்டிலடியில் வந்து இருந்தாள்.

"அப்பா."

"ம்."

"நீங்கள் ரெண்டு எண்டு போட்டது, அவர் தன்ர பங்கையும் உங்களுக்குத் தந்திடுவார் எண்டுதானே?"

அவர் கண்ணை மூடிக்கொண்டார். கண்ணிமை நனைந்தது.

"என்னாலதான் அவரும் ஒண்டு போட்டவர், பிள்ளை. நான் முதல் பொய் எழுதினனான். அவர் அதைப் பாத்து எழுதினவர்."

இல்லை என்று சொல்லத் தனுசியாவுக்கு ஆசைதான். ஆனால் அது உண்மைதானே. அவருடைய கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். மறுகையால் பேனையைத் திறந்தாள்.

"நேற்று ராவு எத்தினை தரமப்பா?"

அவர் வாசல் பக்கம் பார்த்தார். அங்கே அம்புலன்ஸ் கிளப்பிய மண் இன்னும் அடங்கவில்லை.

"ஆறு," என்றார்.

அவள் ஆறு கோடு போட்டாள்.